நாற்பது நாள் இல்லாத நாற்பது

சொல்லும் பொருளும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கொரோனா காலத்தில் வெளியூரிலிருந்து வந்தவர்களை 14 நாள் 'குவாரண்டைன்' என்று சொல்லி வீட்டுக்குள்ளேயே இருக்க வைத்தார்கள். அந்தச் சொல்லுக்கு இத்தாலிய மொழியில் 'நாற்பது' என்று பொருள் என அண்மையில் ஒரு கட்டுரையில் படித்தேன். 14 நாளுக்கு நாற்பது என்ற பெயர் எப்படி வந்தது? அது உண்மையில் இத்தாலியச் சொல்தானா?
(ஒரு வாசகர், கும்பகோணம்)

பதில்: நீங்கள் படித்தது சரிதான். இத்தாலிய மொழியில் 'குவாரண்டா' என்றால் நாற்பது. 'குவாரண்டீனா' என்றால் நாற்பது கொண்ட ஒரு தொகுதி. நாள்களைப் பற்றிப் பேசும்போது நாற்பது நாள் கெடு. வெனிஸ் நகரத்தார் தம் வட்டார வழக்கில் 'குவாரண்டேனா' என்றார்கள். லத்தீனில் நாற்பதைக் குறித்த 'குவாட்ராஜிந்தா' என்ற சொல் தேய்ந்து வந்த வடிவம் இது. அந்த லத்தீன் சொல்லின் முற்பகுதியும், சதுரம், சதுர்த்தி என்று நாம் சொல்லும்போது வருகிற வடமொழிச் 'சதுர்' என்பதும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை.

பெயருக்கும் கணக்குக்கும் பொருத்தம் இல்லாமற்போனது கொரோனா காலத்தில் நேர்ந்தது அன்று. பழக்கம் தொடங்கியபோதே அது 40 நாளாக இருக்கவில்லை. 30 நாளாகத்தான் இருந்தது.

1347ஆம் ஆண்டு அக்டோபரில் கருங்கடல் பக்கமிருந்து வந்த ஜெனோவா வணிகர்களின் கப்பல்கள் சிசிலித் தீவின் மெசினா துறைமுகத்தில் வந்து நின்றன. அவற்றோடு பிளேக் என்னும் கொள்ளைநோயும் கரையேறியது. அடுத்த சில ஆண்டுகளில் ஐரோப்பிய மக்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாதோர் மாண்டுபோனார்கள். நோய் எதனால் வருகிறது என்று அன்றைக்கு ஒருவருக்கும் தெரியாது. கெட்ட காற்று என்றார்கள், கோள்களின் சேர்க்கை என்றார்கள், கடவுளின் கோபம் என்றார்கள். நகரங்கள் தமக்குத் தெரிந்த வழிகளில் தற்காத்துக்கொண்டன. 1374இல் மிலான் நகரை ஆண்ட பெர்னபோ விஸ்கோந்தி, நோய் கண்டவர்களை ஊருக்கு வெளியே வயல்வெளிக்குக் கொண்டுபோய்விட வேண்டும், அங்கே அவர்கள் பிழைத்தாலும் சரி, இறந்தாலும் சரி என்று ஆணையிட்டார். கொடுமையான ஆணைதான், ஆனால் நோயாளியை விலக்குவது என்ற அளவில் அது பழைய முறையே.

புதிய முறையைக் கண்டவர்கள், இன்று குரோஷியா நாட்டில் துப்ரோவ்னிக் என்று வழங்கும் ரகூசா நகரத்தார். 1358 வரை வெனிசின் ஆட்சிக்குக் கீழிருந்த அந்தச் சிறு துறைமுகம் முழுக்க முழுக்கக் கடல் வணிகத்தால் வாழ்ந்த ஊர். கதவைச் சாத்தினால் பட்டினி, திறந்து வைத்தால் கொள்ளைநோய் என்ற இக்கட்டில், 1377 ஜூலை 27 அன்று அதன் பெருமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. நோய் பரவிய இடங்களிலிருந்து வருவோர், மிர்கான் என்ற சிறு தீவிலோ சவ்தத் என்ற ஊரிலோ ஒரு மாதம் தங்கித் தூய்மை பெற்ற பிறகே நகருக்குள் நுழையலாம் என்பது சட்டம். அங்கே தங்கியிருப்பவர்களை அனுமதியின்றிப் போய்ப் பார்க்கும் உள்ளூர்க்காரரும் அதே ஒரு மாதத்தை அங்கேயே கழிக்க வேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டார்கள். எழுதியவர்களுக்கு மனித இயல்பு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

இந்தச் சட்டத்தின் புதுமை, அது நோயாளிகளைப் பற்றியதே அல்ல என்பதில் இருக்கிறது. நன்றாக நடமாடிக்கொண்டிருப்பவர், காய்ச்சல் இல்லாதவர், உடம்பில் கட்டி எதுவும் இல்லாதவர், வந்த இடம் சரியில்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். அதற்குள் நோய் வெளிப்பட்டால் தீவோடு போகட்டும், வெளிப்படாவிட்டால் அவரும் அவர் சரக்கும் உள்ளே வரலாம். இத்தாலிய மொழியில் 'திரெந்தா' என்றால் முப்பது. ஆகவே இந்த ஒரு மாதக் கெடுவுக்குத் 'திரெந்தீனா' என்று பெயர். அந்தப் பெயர் நிலைத்திருந்தால் 2020இல் நம் வீட்டுக் கதவுகளில் ஒட்டிய தாள்களில் வேறொரு சொல் இருந்திருக்கும்.

முப்பது ஏன் நாற்பதாயிற்று என்பதற்கு இரண்டு காரணங்கள் சொல்வார்கள். ஒன்று மருத்துவம்: கடுமையான நோய் எதுவானாலும் 40 நாளுக்குள் தன்னைக் காட்டிவிடும் என்பது கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீசின் மரபில் வந்த கொள்கை. மற்றொன்று சமயம். நோவா காலத்துப் பெருமழை 40 நாள். மோசே சீனாய் மலையில் இருந்தது 40 நாள். இயேசு பாலைநிலத்தில் நோன்பிருந்தது 40 நாள். தவக்காலம் 40 நாள். கழுவாய்க்கும் தூய்மைக்கும் உரிய எண்ணாக 40ஐச் சிறுவயதிலிருந்தே கேட்டு வளர்ந்த மக்களிடம் அந்தக் கெடுவை விதித்தால் மறுபேச்சு குறைவாக இருந்திருக்கும். என் கணிப்பில் இரண்டாவது காரணமே வலுவானது. கொள்ளைநோய்க் கிருமி உடலில் புகுந்து நோய் வெளிப்படுவதற்குப் பெரும்பாலும் ஒரு வாரமே போதும். எனவே 30 நாளே தேவைக்கு மேல்தான்.

சொல்லை உலகம் முழுவதும் கொண்டுசென்றது வெனிஸ். 1423இல் அந்நகரம் தன் காயலிலிருந்த நாசரேத்து மரியன்னை தீவில் நோயாளிகளுக்கென ஒரு மனை அமைத்தது. 1468இல் மற்றொரு தீவில், நோய் இல்லாத, ஆனால் ஐயத்துக்குரிய பயணிகளுக்கும் சரக்குக்கும் தனி இடம் அமைத்தது. 'நாசரேத்து' என்ற தீவின் பெயரும், தொழுநோயாளரின் காவலராகக் கருதப்பட்ட லாசர் என்ற புனிதரின் பெயரும் மக்கள் வாயில் கலந்து, இவ்வகை இடங்களுக்கு 'லாசரெத்தோ' என்ற பெயர் உண்டாயிற்று. இரண்டாவது தீவில், நூறு மீட்டருக்கு மேல் நீளமுள்ள பண்டகசாலை இன்றும் நிற்கிறது. வந்திறங்கிய கம்பளி, பருத்தி, தோல் மூட்டைகளை அங்கே பிரித்துப் பரப்பிக் காற்றாட விடுவார்கள். நறுமணச் செடிகளை எரித்துப் புகை போடுவார்கள். நனைந்தால் கெடாத பொருள்களை உப்புநீரிலோ வினிகரிலோ முக்கியெடுப்பார்கள். கடிதங்களைக்கூட விட்டுவைக்கவில்லை. கத்தியால் கீறி உள்ளே புகை ஏற்றியும், வினிகர் தெளித்தும் அனுப்பினார்கள். கீறலும் கறையுமாக இருக்கும் அந்தப் பழைய கடிதங்களை இப்போது அஞ்சல்தலை சேகரிப்போர் விலை கொடுத்து வாங்குகிறார்கள். காத்திருந்த வணிகர்களும் காவலர்களும் பொழுதுபோகாமல் தங்கள் பெயர்களையும் கப்பல் வந்த செய்திகளையும் சிவப்பு வண்ணத்தில் சுவரில் எழுதிவைத்திருக்கிறார்கள். அவற்றுள் பல இன்னும் படிக்கும்படி இருக்கின்றன.

இத்தனை செய்தும் 1575 முதல் 1577 வரை வெனிசில் பரவிய கொள்ளைநோயில் நகர மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இறந்தார். எலியும் தெள்ளுப்பூச்சியும் நோயைக் கொண்டுவருகின்றன என்று அவர்களுக்குத் தெரியாது. அந்தக் கிருமியை அலெக்சாந்தர் யெர்சின் ஹாங்காங்கில் கண்டறிந்தது 1894இல். தெள்ளுப்பூச்சியின் பங்கைப் பால் லூயி சிமோன் கராச்சியில் கண்டது 1898இல். மனிதர்களைத் தீவில் நிறுத்திவைத்த காவலர்களுக்கு, கப்பல் கயிற்றின் வழியே இறங்கிப்போன எலி ஒரு பொருட்டாகவே தோன்றவில்லை.

இனி ஆங்கிலத்துக்கு வருவோம். உங்கள் கேள்வியின் கடைசிப் பகுதிக்கு 'ஆம்' என்று ஒரே சொல்லில் விடை சொன்னால் அது முழு உண்மை ஆகாது. இச்சொல் ஆங்கிலத்துக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட வாயில்களால் நுழைந்தது. கணவனை இழந்த பெண், தனக்குரிய பங்கு பிரித்துத் தரப்படும் வரை 40 நாள் கணவன் வீட்டிலேயே இருக்கலாம் என்று 1215ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் எழுந்த மாக்னா கார்ட்டா என்ற உரிமைச் சாசனம் உரிமை வழங்கியது. சட்டத்தார் அந்த 40 நாள் உரிமையை இடைக்கால லத்தீன் வழியாகக் 'குவாரண்டைன்' என்றே அழைத்தனர். இயேசு நோன்பிருந்ததாகச் சொல்லப்படும் எரிக்கோவை அடுத்த மலைக்கும் இதே எண்ணின் பெயர்தான்; அரபு மொழியில் இன்றும் அது 'குருந்துல்' மலை. கப்பலைத் துறைக்கு வெளியே நிறுத்திவைப்பது என்ற பொருள் மட்டுமே இத்தாலியரிடமிருந்து வந்தது. 17ஆம் நூற்றாண்டில் அது ஆங்கிலத்தில் வேரூன்றியது. பிற பொருள்களையெல்லாம் அது ஓரங்கட்டிவிட்டது.

உங்களுக்கு எழுந்த ஐயம் 360 ஆண்டுகளுக்கு முன்பே ஓர் ஆங்கிலேயருக்கும் எழுந்திருக்கிறது என்பதைச் சொல்லாமல் விட மனமில்லை. லண்டனில் கடற்படை அலுவலகத்தில் பணியாற்றிய சாமுவேல் பீப்ஸ், 1663 நவம்பர் 26 அன்று தம் நாட்குறிப்பில் ஒரு செய்தி எழுதுகிறார். ஆம்ஸ்டர்டாமில் கொள்ளைநோய் பரவியிருந்த நேரம். அங்கிருந்தும் ஹாம்பர்க்கிலிருந்தும் வரும் கப்பல்கள் 30 நாள் குவாரண்டைன் இருக்க வேண்டும் என்று அரசவை ஆணையிட்டிருந்தது. அந்தச் சொல்லின் பொருளுக்கு இது முரண் என்றும், ஆயினும் இப்போது பொது வழக்கில் அது அந்தச் செயலைத்தான் குறிக்கிறது, அதில் கழியும் காலத்தை அன்று என்றும் பீப்ஸ் அடைப்புக்குறிக்குள் ஒரு வரி எழுதிச் செல்கிறார். கும்பகோணத்துக் கேள்விக்கு அதைவிடச் சுருக்கமான விடையை என்னால் எழுத முடியாது.

கேள்வி: நம் ஊரில் விரதத்துக்கும் மருந்துக்கும் 'ஒரு மண்டலம்' என்று கணக்கு வைக்கிறோம். ஐரோப்பியரின் 40 நாள் வழக்கம் இங்கிருந்து போனதாக இருக்குமா?
(ஒரு வாசகர், பழநி)

பதில்: அப்படிச் சொல்ல எந்தச் சான்றும் இல்லை. சித்த மருத்துவத்தில் மண்டலம் என்பது பெரும்பாலும் 48 நாள். சபரிமலை விரதத்தில் 41. ஐரோப்பியரின் 40க்கு மூலம் விவிலியத்திலும் கிரேக்க மருத்துவத்திலும் கண்ணெதிரே இருக்கும்போது, வேறிடத்தில் தேட வேண்டியதில்லை. ஏறத்தாழ ஒன்றரை மாதம் என்பது உடலும் மனமும் மாறுவதற்கு ஏற்ற காலம் என்று பல சமூகங்கள் தனித்தனியே எண்ணியிருக்கலாம். அதற்கு மேல் போனால் வெறும் ஊகம்.

கேள்வி: நான் செவிலியராகப் பணியாற்றுகிறேன். 'குவாரண்டைன்', 'ஐசொலேஷன்' இரண்டையும் தமிழில் 'தனிமைப்படுத்துதல்' என்றே எழுதுகிறார்கள். இரண்டும் ஒன்றா?
(ஒரு வாசகி, நாகர்கோவில்)

பதில்: ஒன்றல்ல என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும்; தமிழ் எழுதுவோருக்காகக் கேட்டிருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். நோய் உறுதியானவரைப் பிறரிடமிருந்து பிரித்துவைப்பது ஐசொலேஷன். நோய் தொற்றியிருக்கக்கூடும் என்ற ஐயத்துக்கு மட்டும் இடமளிப்பவரை, நோயின் அடைகாலம் முடியும் வரை நிறுத்திவைப்பது குவாரண்டைன். வெனிசின் இரண்டு தீவுகளில் முன்னது ஒன்றுக்கும் பின்னது மற்றொன்றுக்கும் உரியது. ஐயத்துக்குரியவரை நோயாளியின் பக்கத்துக் கட்டிலில் கொண்டுபோய்ப் படுக்கவைத்தால் இல்லாத நோயை நாமே கொடுத்ததாக ஆகும். ஆகையால் இந்த வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று.

வியப்பு என்னவென்றால் ஐசொலேஷனுக்கும் பூர்விகம் இத்தாலிதான். 'இசொலா' என்றால் தீவு. 'இசொலாத்தோ' என்றால் தீவுபோல் ஆக்கப்பட்டது. கட்டடக் கலையில் தனித்து நிற்கும் கட்டடத்துக்கு வழங்கிய அச்சொல் பிரெஞ்சு வழியாக 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குப் போயிற்று. நோயாளியைக் குறிக்க வந்தது அதற்கும் பிறகு.

தமிழைப் பொறுத்தவரை, இலங்கையில் குவாரண்டைனுக்குத் 'தனிமைப்படுத்தல்' என்பது சட்டத்தின் பெயரிலேயே இடம்பெற்றுவிட்டது. தமிழகத்திலும் செய்தித்தாள்கள் 2020இல் அதையே பரப்பின. இனி அதை மாற்றுவது எளிதன்று. ஐசொலேஷன் வார்டைத் 'தனிப்பிரிவு' என்றோ 'நோயாளர் தனியறை' என்றோ எழுதிவந்தால் குழப்பம் பெரும்பாலும் தீரும். 'தனிமை' என்ற சொல்லில் எனக்கு ஒரு சிறு குறை உண்டு. ஒரு கப்பலையே நிறுத்திவைத்தபோது அதிலிருந்த முந்நூறு பேர் தனிமையில் இல்லை. மூச்சுமுட்டும் நெருக்கத்தில் இருந்தார்கள். குவாரண்டைனின் உயிர் காத்திருத்தலில்தான் இருக்கிறது.

கேள்வி: என் பாட்டனார் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் வழியில் ராமேஸ்வரத்துக்கு அருகே மண்டபம் என்ற ஊரில் ஒரு வாரம் அடைத்துவைத்திருந்தார்கள் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். அதுவும் இந்தக் குவாரண்டைன்தானா?
(ஒரு வாசகர், புதுக்கோட்டை)

பதில்: அதேதான். 1896இல் பம்பாயில் கொள்ளைநோய் தோன்றியதும் இந்தியாவிலிருந்து ஆள் வரும் நாடுகளெல்லாம் அஞ்சின. 1897இல் இந்தியாவில் கொள்ளைநோய்ச் சட்டமும், இலங்கையில் தனிமைப்படுத்தல் பற்றிய கட்டளைச் சட்டமும் பிறந்தன. தோட்டத் தொழிலாளர் இல்லாமல் இலங்கைத் தேயிலை இல்லை; ஆனால் அவர்களோடு வாந்திபேதியும் அம்மையும் வந்துவிடக் கூடாது. 1377இல் ரகூசாவுக்கு நேர்ந்த அதே இக்கட்டு. முதலில் தூத்துக்குடிக்கு அருகே தட்டப்பாறையிலும், பின்னர் மண்டபத்திலும் முகாம்கள் அமைந்தன. தமிழ்நாட்டு மண்ணில் இருந்தாலும் மண்டபம் முகாமை நடத்தியது இலங்கை அரசு. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியபின் மலைநாட்டுக்குப் போனவர்களுள் பெரும்பாலோர் அந்த வாசலைக் கடந்தே போனார்கள்.

கங்காணி திரட்டிவந்த ஆள்களை அங்கே குளிக்கவைத்தார்கள், துணிகளை நீராவியில் போட்டெடுத்தார்கள், அம்மை குத்தினார்கள், கொக்கிப்புழுவுக்கு மருந்து கொடுத்தார்கள். போக வேண்டிய தோட்டத்தின் அடையாளம் பொறித்த சிறு தகர வில்லை ஒன்று அவர்களிடம் இருக்கும். வெனிஸ் தீவில் வணிகரும் அவர் சரக்கும் காத்திருக்க, இங்கே ஆள்களே சரக்கைப்போல் முகவரி கட்டி அனுப்பப்பட்டார்கள். வாசகரின் பாட்டனார் அதை 'அடைத்துவைத்தார்கள்' என்று நினைவுகூர்ந்ததில் வியப்பில்லை.

மலாயாவுக்குப் போனவர்களுக்கும் இது பொருந்தும். ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களில் தங்கிக் கப்பலேறியவர்கள், பினாங்கை ஒட்டிய ஜெரஜாக் தீவிலோ சிங்கப்பூரின் செயின்ட் ஜான் தீவிலோ மறுபடியும் நாள் எண்ண நேர்ந்தது. மண்டபம் முகாமில் பிற்காலத்தில் இலங்கையிலிருந்து வந்த ஏதிலியர் தங்கவைக்கப்பட்டனர். ராமேஸ்வரம் போகும் ரயில் இன்றும் 'மண்டபம் கேம்ப்' என்ற நிலையத்தைக் கடந்துதான் போகிறது.

கேள்வி: கியூபா ஏவுகணை நெருக்கடியின்போது அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடி, கியூபாவைச் சுற்றிக் கப்பற்படையை நிறுத்தியதை 'குவாரண்டைன்' என்றார் என்று பாடப்புத்தகத்தில் வருகிறது. அங்கே என்ன நோய்?
(ஒரு மாணவர், மதுரை)

பதில்: நோய் ஒன்றுமில்லை, சட்டச் சிக்கல்தான். ஒரு நாட்டின் துறைமுகங்களைக் கப்பற்படையால் முற்றுகையிடுவது பன்னாட்டுச் சட்டப்படி போர்ச்செயல். 1962 அக்டோபர் 22 அன்று தொலைக்காட்சியில் பேசிய கென்னடி, போரை அறிவிக்காமல் முற்றுகையின் பயனை மட்டும் அடைய வேண்டியிருந்தது. கியூபாவுக்குப் போகும் தாக்குதல் ஆயுதங்களை மட்டுமே தடுக்கிறோம், உணவையும் பிற பொருள்களையும் அன்று என்று காட்டுவதற்கும் ஒரு மென்மையான சொல் தேவைப்பட்டது. கப்பலை நிறுத்திச் சோதித்து, ஐயத்துக்கு இடமில்லை என்றால் விட்டுவிடுவது என்ற அளவில் பழைய பொருளோடு அதற்கு ஓர் ஒட்டு உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆனாலும் மருத்துவச் சொல்லைக் கொண்டு படைபலத்துக்குப் போர்த்திய போர்வை அது என்பதே என் எண்ணம். அக்டோபர் 24 அன்று நடைமுறைக்கு வந்த அந்தத் தடை நவம்பர் 20 அன்று நீங்கியது.

கேள்வி: 'கிளீன் பில் ஆஃப் ஹெல்த்' என்ற ஆங்கில வழக்குக்கும் இந்தக் கதைக்கும் தொடர்பு உண்டா?
(ஒரு வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: நேரடித் தொடர்பு உண்டு. 'பில்' என்றவுடன் மருத்துவமனைக் கட்டணச் சீட்டு நினைவுக்கு வருவது இயல்பு. இங்கே அது கப்பலுக்குத் தந்த நலச் சான்றிதழ். கப்பல் புறப்படும்போது அந்தத் துறைமுகத்தின் சுகாதார அதிகாரிகள், ஊரில் நோய் இல்லை என்று எழுதித் தந்தால் அதை இத்தாலியர் 'பத்தேந்தே நெத்தா', அதாவது தூய சீட்டு என்றனர். நோய் இருக்கிறது என்று எழுதினால் அது 'பத்தேந்தே புருத்தா'. தூய சீட்டு உள்ள கப்பலுக்குக் காத்திருப்பு குறைவு, மற்றதற்கு முழுக் கெடு. சீட்டைத் திருத்தியும் பொய்யாகத் தயாரித்தும் தண்டனை பெற்ற மாலுமிகள் பலர் உண்டு. ஆங்கிலேயர் அதை அப்படியே தம் மொழியில் பெயர்த்துக்கொண்டனர். பிற்காலத்தில் கணக்குத் தணிக்கை முடிந்த நிறுவனத்துக்கும், விசாரணை முடிந்த அரசியல்வாதிக்கும்கூட அந்தச் சீட்டு கிடைக்கலாயிற்று.

கூடவே ஒன்று. நோயுள்ள கப்பல் மஞ்சள் கொடி ஏற்ற வேண்டும் என்று பழைய கடற்கதைகளில் வரும். இன்றைய பன்னாட்டுக் கடற்குறியீட்டில் அதே மஞ்சள் கொடிக்குப் பொருள் தலைகீழாக மாறிவிட்டது: என் கப்பலில் நோய் இல்லை, துறைக்குள் வர அனுமதி தருக என்பதே இப்போது அதன் பொருள்.